எங்கள் ஊர் மாறியது 2020-ல் இல்லை

சமீப வருடங்களில் நம் வாழ்க்கையை அதிகம் மாற்றியது எந்த வருடம் என்று யாரைக் கேட்டாலும் 2020 என்றுதான் சொல்கிறார்கள். கொரோனா, ஊரடங்கு, மாஸ்க். நான் ஒத்துக்கொள்வதில்லை. தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணியில் செல்போன் கடையும் ஜெராக்ஸும் வைத்திருக்கிறேன். தேங்காய் வியாபாரிகள், காலேஜ் பிள்ளைகள், வெளிநாடு கிளம்புகிறவர்கள், அவர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுக் கண் சிவந்து திரும்புகிறவர்கள் என்று எல்லோரும் ஏதாவது ஒரு வேலையாகக் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே உட்கார்ந்து பார்த்த கணக்கில் சொல்கிறேன்: 2016 செப்டம்பரில் தொடங்கி 2018 நவம்பரில் முடிந்த காலம்தான் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. 2020 செய்தது வேறு வேலை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வருடம் பெரிய வருடமா என்று நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை வைத்து. ஜனங்கள் எதைக் கேட்பதை நிறுத்தினார்கள்? அதுவரை தனியாக வராத யார் தனியாக வர ஆரம்பித்தார்கள்? புதிதாக என்ன கேட்கிறார்கள் என்பதை நான் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஹெட்செட்டில் ஒரு மாடல், கவரில் ஒரு டிசைன் என்று நாலு மாதம் கேட்பார்கள், அப்புறம் அந்தச் சரக்கு தூசி படிந்து கிடக்கும்.

முதலில் கேட்பதை நிறுத்தியது பாட்டு. 2016 வரைக்கும் கடை வருமானத்தில் பெரிய பங்கு பாட்டு ஏற்றுவதில்தான் வந்தது. 2 ஜிபி, 4 ஜிபி மெமரி கார்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் போட்டு ஏற்றிக் கொடுத்தால் 30 ரூபாய், 50 ரூபாய். காப்பிரைட்டெல்லாம் அன்றைக்கு எங்கள் தெருவில் யார் பேசினார்கள்? ராஜா சோகம், ராஜா டூயட், எம்.ஜி.ஆர். தத்துவம், அம்மன், ஐயப்பன், கிராமியம், குத்து என்று ஃபோல்டர் பிரித்து வைத்திருந்தேன். மினி பஸ் டிரைவர்கள் பென் டிரைவோடு வருவார்கள். மைக்செட்காரர் திருவிழாவுக்கு முந்தைய வாரம் வருவார். டீக்கடை, பஸ், காதுகுத்து வீடு, எங்கே போனாலும் ஒரே பாட்டுகள் ஓடும். ஊர் என்ன கேட்க வேண்டும் என்பதை நானும் கடைத்தெருவில் என்னைப் போன்ற சிலரும் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். ஒரு படத்தின் பாட்டு எனக்குப் பிடிக்காமல் போனால் அது எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஹிட் ஆவது கஷ்டம். இது வேடிக்கைக்காகச் சொல்வதில்லை.

இன்னொன்று ரீசார்ஜ் நோட்டு. இதை ஆண்கள் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈஸி ரீசார்ஜ் செய்ய வேண்டுமென்றால் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார், பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால் வரும். எல்லாக் கடையிலும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். எந்தக் கடையில் நடக்கும் என்பது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அதனால் ரீசார்ஜுக்குத் தம்பியை அனுப்புவார்கள், இல்லையென்றால் ஸ்கூல் முடிந்து வரும் சின்னப் பையனிடம் துண்டுச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். தைரியமான சிலர் மட்டும் "நானே அடிச்சுக்கிறேன்ண்ணே" என்று என் செட்டை வாங்கித் தாங்களே நம்பரை அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். பாதி வீடுகளில் பெண்ணுக்கென்று நம்பரே கிடையாது. வீட்டுப் போன் என்று ஒன்று இருக்கும், அது யார் சட்டைப் பையில் இருக்கிறதோ அவர்தான் எடுப்பார்.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. அதற்கு முன்னால் ஒரு ஜிபி நெட் பேக் 200, 250 ரூபாய். பையன்கள் போட்டோ ஒன்றை டவுன்லோட் செய்வதற்குக்கூட யோசிப்பார்கள், படுக்கும் முன் டேட்டாவை ஆஃப் செய்வார்கள். ஜியோவில் டிசம்பர் வரை எல்லாம் இலவசம் என்றார்கள், அப்புறம் அதையே 2017 மார்ச் வரை நீட்டினார்கள். காசு வாங்க ஆரம்பித்த பிறகும், அந்த ஜூலையில் 399 ரூபாய்க்கு 84 நாள், தினம் ஒரு ஜிபி. முன்பு ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்ட டேட்டா இப்போது ஒரு நாளைக்கு என்றானது. ஆதார் கார்டையும் கட்டை விரலையும் கொண்டுவந்தால் சிம் கையில். இந்தக் கட்டை விரல் விஷயம் முக்கியம். அதுவரை சிம் கார்டு வீட்டு ஆம்பளை பேரில்தான் வாங்குவார்கள், ஏனென்றால் ரேஷன் கார்டிலும் லைசென்ஸிலும் அவர் போட்டோதான் இருக்கும். ஆதாரோ ஆளுக்கு ஒன்று. இலவசம் என்றதும் வீட்டில் எத்தனை விரல் இருக்கிறதோ அத்தனை சிம் வாங்கினார்கள். அப்படித்தான் எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள் பேரில் முதல்முதலாக ஒரு நம்பர் பதிவானது. யாரும் பெண்ணுரிமை என்று நினைத்துச் செய்யவில்லை, சும்மா கிடைக்கிறதே என்று செய்தார்கள்.

மெமரி கார்டு அந்தப் பொங்கலுக்குள் செத்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள் அப்படியே கிடந்தன. ஆத்தாமார்கள் யூடியூபில் பழைய பக்திப் பாட்டு, மகன் கேமிங் வீடியோ, மருமகள் கோலம், சமையல். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு மூலையில் நாலு சத்தம். மைக்செட்டில் ஓடும் பாட்டு தெரியாத பிள்ளைகளைத் திருவிழாவில் அதற்கப்புறம்தான் பார்த்தேன். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் வயலில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018-ல் தொடங்கி, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. எங்கள் கடை வாசலிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்து மண்ணை உலகம் உட்கார்ந்து பார்த்தது என்றால், அதற்கு முன் நடந்த டேட்டா விலைச் சரிவு இல்லாமல் அது முடிந்திருக்குமா?

2016 என்றதும் பலருக்கு நவம்பர் 8 ராத்திரிதான் ஞாபகம் வரும். 500, 1000 செல்லாது. பேங்க் வாசலில் நின்ற கஷ்டம் நிஜம், நானும் நின்றேன். ஆனால் பழக்கவழக்கத்தை மாற்றியதா என்று கேட்டால், எங்கள் ஊரில் இல்லை. ஸ்வைப் மெஷின் வாங்கிய கடைக்காரர்கள் அதை டிராயரில் போட்டுவிட்டார்கள். ஆடி மாதம் வருவதற்குள் நோட்டு திரும்பி வந்தது, வருகிறவர்கள் பணம் எழுதும் எங்கள் பக்கத்து மொய் விருந்தில் கட்டுக்கட்டாகக் குவிந்தது. ஒரு தட்டுப்பாடு ஜனங்களைக் கொஞ்ச நாள் வேறு மாதிரி நடக்கவைக்கும், சரியானதும் பழைய வழிக்கே போய்விடுவார்கள். விலை இறங்கி வந்த மாற்றம் அப்படித் திரும்பிப் போகவில்லை. தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பொருளாதாரப் பாடம் இதுதான்: பயத்தால் வந்த கூட்டத்தை நம்பிச் சரக்கு வாங்கிப் போடாதீர்கள். ஸ்வைப் மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டியவர்களும் 2020-ல் பெட்டி பெட்டியாக சானிடைசர் அடுக்கியவர்களும் ஒரே வரிசையில் நின்றவர்கள்தான்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்தார்களே, அப்போது அந்த இலவச டேட்டா ஓடிக்கொண்டிருந்தது என்பதை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. 17-ஆம் தேதி ராத்திரி கடற்கரையில் விளக்கு அணைந்ததும் ஆயிரக்கணக்கில் செல்போன் டார்ச் எரிந்த அந்தக் காட்சியை எங்கள் ஊர்ப் பையன்கள் அடுத்த நாள் டிவி சொல்லும்வரை காத்திருக்காமல் அப்போதே பார்த்தார்கள். மறுநாளே எங்கள் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டார்கள். மாட்டின் மேல் பாசம் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவ்வளவு வேகத்துக்குக் காரணம் வேறு.

இதே சமயத்தில் சத்தமில்லாமல் வந்தது வீடியோ கால். 2016 நவம்பரில் வாட்ஸ்அப்பில் அது வந்தது. துபாய் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கே வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் அவர்கள் வீட்டில் இமோ. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கும் ஊர் இது. "தம்பி, இதுல அவுக மொகம் தெரியுற மாதிரி பண்ணிக் குடு" என்று போனைக் கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பேர். பிள்ளை பிறந்ததை அன்றே பார்த்த அப்பாக்களின் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கவுன்ட்டரில் கேட்ட இன்னொரு பேச்சும் உண்டு. முன்னெல்லாம் புருஷன் வாரத்துக்கு ஒரு தடவை கார்டு போட்டுப் பேசுவார். இங்கே தென்னைக்கு உரம் வைப்பது, மேஸ்திரிக்குக் கூலி பேசுவது, பிள்ளையை எந்த ஸ்கூலில் போடுவது எல்லாம் அந்தப் பெண் எடுக்கும் முடிவு. வீடியோ கால் வந்தபின் அவர் தினம் ராத்திரி கேமராவைத் திருப்பச் சொல்லித் தோட்டத்தைப் பார்க்கிறார், சுவர் பூச்சைப் பார்க்கிறார், அந்த மட்டை ஏன் கிடக்கிறது என்று கேட்கிறார். "முன்னாடி அவுக இல்லாம நானே ராஜா மாதிரி இருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு அக்கா சார்ஜர் வாங்கிக்கொண்டு போனார். பொருட்கள் ஒரு கையால் கொடுக்கும் சுதந்திரத்தை இன்னொரு கையால் எடுத்தும் கொள்ளும். இதைக் கட்டுரைகளில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன்.

2018 தொடக்கத்தில் ஏர்செல் திவால் நடவடிக்கைக்குப் போனது. தமிழ்நாட்டில் அதைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். நம்பர் மாறாமல் வேறு நிறுவனத்துக்கு மாற வந்த கூட்டத்தைப் பார்த்தபோதுதான், நம்பர் என்பது ஆளின் பெயர் மாதிரி ஆகிவிட்டது என்று புரிந்தது. ஐந்து வருடம் முன்பு என்றால் வேறு சிம் வாங்கிவிட்டு, நாலு பேருக்கு மிஸ்டு கால் கொடுத்துப் புது நம்பரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அதில் தொங்குகிறது. அந்த வருடக் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. 'லைஃப் டைம்' என்று வாங்கிய பழைய சிம்களுக்கும் மாதம் 35 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்தால்தான் இன்கமிங் வரும் என்று பழைய நிறுவனங்கள் கொண்டுவந்தன. பட்டன் போன் வைத்திருந்த வயதானவர்களுக்கு இது புரியவே இல்லை. எனக்கு வர்ற போனுக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்? நியாயமான கேள்விதான். மிஸ்டு கால் கொடுக்கும் பழக்கம் அதோடு தீர்ந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். எங்கள் பகுதியில் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் காலத்தைப் பிரிக்கிறோம். தென்னை நட்டால் காய்க்க ஐந்தாறு வருடம். அப்படி வளர்த்த தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. கரன்ட் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தெருத் தெருவாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள், அதே ஜெனரேட்டரில் செல்போனுக்கு சார்ஜ் போட்டார்கள். நானும் போட்டேன், டீசல் விலைக்குக் காசும் வாங்கினேன். குடிக்கத் தண்ணீருக்கு நிற்கும் வரிசைக்குச் சமமாக சார்ஜ் போட வரிசை நின்றது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், விழுந்த மரத்தை, பறந்த கூரையைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அந்த வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள், தங்கள் சொந்தப் போனோடு. இரண்டு வருடத்தில் நடந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். புயலுக்கு அப்புறம் தோப்பை நம்பியிருந்த பையன்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்பினார்கள். தேங்காய் வெட்ட ஆள் கிடைக்காத இன்றைய நிலைமைக்கு வேர் அங்கே இருக்கிறது.

மொய் விருந்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பல பேர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறி விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். வாங்கியவர், கொடுத்தவர் வைக்கும் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்வார்கள். வட்டியில்லாக் கடன் என்று சொல்லலாம், பத்திரம் கிடையாது, மானம்தான் ஜாமீன். கஜாவுக்கு மறு வருடம் செய்ய வேண்டியவர்களிடம் காசு இல்லை. அதற்கடுத்து 2020-ல் கூட்டமே கூடக் கூடாது. இத்தனை அடியிலும் அந்த வழக்கம் நிற்கவில்லை. மாறியது அதன் ஓரங்கள்தான்: நோட்டில் எழுதியது கம்ப்யூட்டர் ரசீதானது, அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது, சிங்கப்பூரில் இருப்பவர் ஜிபேயில் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போட்டார். இதில் ஒரு நடைமுறை விஷயம்: மொய்க் கணக்கைப் போனில் மட்டும் பிடிஎஃப்பாக வைத்திருந்து, போன் தண்ணீரில் விழுந்தபின் என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. ஒரு பிரிண்ட் எடுத்துப் பழைய மொய் நோட்டோடு பெட்டியில் வையுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம்.

இப்போது 2020. அது புதிதாக எதையும் கொண்டுவரவில்லை, இருந்ததற்கு அனுமதி கொடுத்தது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை அனுப்புவது 2017-லேயே இருந்தது, ஆனால் அனுப்பினால் கோபித்துக்கொள்வார்கள். ஐம்பது பேருக்கு மேல் கல்யாணத்துக்கு வரக் கூடாது என்று அரசு சொன்னதும் கோபித்துக்கொள்ளும் உரிமை போய்விட்டது. தாய்மாமனுக்கு மட்டும் இன்றும் நேரில் போய்த் தாம்பூலம் வைக்கிறார்கள், நல்லவேளை. க்யூஆர் ஸ்டிக்கரும் அப்படித்தான். ஜிபே முன்பே வந்திருந்தது, நோட்டைத் தொடப் பயந்த அந்த மாதங்களில்தான் பூக்கார அம்மா வரைக்கும் ஒட்டினார்கள். இதற்குப் பின்னால் விலை இருந்ததால், அதாவது இலவசமாக இருந்ததால், பயம் போன பிறகும் ஸ்டிக்கர் நின்றது.

2020-ன் நிஜமான மாற்றம் என்று ஒன்றைச் சொல்வேன். ஆன்லைன் கிளாஸ். பொண்ணு கையில் போன் கொடுத்தால் கெட்டுவிடும் என்று பன்னிரண்டாவது முடியும்வரை கொடுக்காமல் வைத்திருந்த அப்பாக்கள், ஸ்கூலில் கேட்கிறார்கள் என்று பழைய செட்டாவது கிடைக்குமா என்று அலைந்தார்கள். செகண்ட் ஹேண்ட் 4ஜி போனுக்கு அப்படி ஒரு கிராக்கியை நான் முன்பும் பின்பும் பார்த்ததில்லை. 2021-ல் ஸ்கூல் திறந்தது. கொடுத்த போனைத் திரும்ப வாங்க யாராலும் முடியவில்லை. டிக்டாக்கை 2020 ஜூன் 29-ல் தடை செய்தார்கள், ஆடியவர்கள் ரீல்ஸுக்குப் போனார்கள், நின்றுவிடவில்லை.

இதற்குப் பிறகு எனக்குப் பெரிய வருடமாகத் தெரிவது 2023. செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்க்கப் பெண்கள் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, பலருடைய பேங்க் கணக்கில் இருப்பது அவர்கள் நம்பரே இல்லை. மகன் நம்பர், எப்போதோ ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தவர் நம்பர், தூக்கிப் போட்ட பழைய சிம் நம்பர். பணம் வரும், வந்ததென்று அவர்களுக்குத் தெரியாது.

அதனால் என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வது இவை. வீட்டில் ஒவ்வொரு பெரியவருக்கும் அவரவர் ஆதாரில் எடுத்த சிம் இருக்கட்டும், அதே நம்பர் பேங்கில் இருக்கிறதா என்று பாஸ்புக் போடப் போகும்போது கேட்டுவிடுங்கள். ஜிபே மாதிரி ஆப்பில் உங்களுக்குப் பணம் வருவதற்கு ஒருபோதும் பின் நம்பர் அடிக்கத் தேவையில்லை. அடிக்கச் சொன்னால் உங்கள் காசு போகப்போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. அப்புறம், வெளிநாடு கிளம்புகிறவர்கள் இங்குள்ள சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சில மாதம் சும்மா கிடந்தால் அந்த இணைப்பை வெட்டிவிடுவார்கள், பிறகு அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும். இருப்பதிலேயே குறைந்த பேக் எதுவோ அதைப் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லி வீட்டில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.